பாடு தெரிஞ்சா 'கீ' புரியும்!

ஃபைனல் இயர் பிராஜெக்ட் சீசன் வந்தாச்சா? அப்போ வகுப்புக்கு ஒரு டீமாவது 'மீனவர்களுக்கான மொபைல் ஆப்' என்று டைட்டில் எழுதிக் கொடுத்திருக்கும். தப்பே இல்லை, நல்ல டைட்டில்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்குது, அலை எவ்வளவு உயரம், இறால் என்ன விலை போகுது... எல்லாம் ஒரே ஸ்கிரீனில். ஹெச்.ஓ.டி.யும் தலையாட்டி விடுவார்.

ஆனா ஒண்ணு. இந்தத் தகவல் எதையும் டீம் தயாரிக்கப் போவதில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு சர்வரிடம் கேட்டு வாங்கித்தான் காட்டப்போகிறது. அப்படிக் கேட்டு வாங்குகிற ஜன்னல்தான் ஏ.பி.ஐ. ஜன்னலைத் தட்டினதும் உள்ளேயிருந்து வருகிற முதல் கேள்வி, "யாருப்பா நீ?". அதுக்குப் பதிலா நாம நீட்டுகிற நீளமான எழுத்துக் குவியல்தான் ஏ.பி.ஐ. கீ.

நம்ம பசங்க இந்தக் கீ விஷயத்தில் காட்டுகிற தாராள மனசு இருக்கே... கர்ணன் கெட்டான்! வாட்ஸ்அப் குரூப்பில் ஷேர் பண்ணுவார்கள். கோடுக்குள்ளேயே ஒட்டி கிட்ஹப்பில் ஏற்றுவார்கள். சீனியர் விட்டுப்போன கீயை ஜூனியர், அவனுக்கு அடுத்த ஜூனியர் என்று பரம்பரைச் சொத்து மாதிரி அனுபவிப்பார்கள். கீயை வாங்குகிறது ரெண்டு நிமிஷ வேலை. யாருக்குக் கொடுக்கிறது, எதுக்குக் கொடுக்கிறது, எத்தனை நாளைக்குக் கொடுக்கிறது, எப்போ பிடுங்கறது? இந்த நிர்வாகம்தான் மேட்டரே. இதைப் புரிஞ்சுக்க சிலிக்கான் வேலிக்கெல்லாம் போக வேண்டாம். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிச்சா போதும்.

ஏரியில் ஒரு குலுக்கல்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டின ஊர். இங்கே இருக்கிற ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்கு ஓரம் நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் படுத்துக் கிடக்கிற நீளமான மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஆமாம், ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவேதான்.

முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏரிக்குள்ளே வரும், போகும். அதோடு இறாலும் வரும், போகும். அதனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டுகிறவருக்கு யோகம். எல்லாருக்கும் அந்த இடமே வேணும்னா? அடிதடிதான்!

இதுக்கு அந்த ஊர்க்காரங்க பல தலைமுறைக்கு முன்னாலேயே கண்டுபிடிச்ச ஏற்பாட்டின் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் சேர்ந்து நடத்துகிற முறை இது. பாடு உரிமை வேண்டுமென்றால் முதலில் ஊர்ப் பட்டியலில் உங்க பெயர் இருக்கணும். வலை கட்டுகிற இடங்களைக் குலுக்கல் போட்டும், முறை வைத்தும் பிரித்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். எந்த இடத்தில் எந்த வலை என்பதற்கும் கணக்கு உண்டு. கழி நட்டு வலை கட்டுகிற இடத்தில் நான் வேற வலையை வீசுவேன் என்று யாரும் வீம்பு பண்ண முடியாது.

கடலோரத்தில் 'பாடு' என்ற வார்த்தைக்கு மீன் கிடைக்கிற அளவு என்றும் அர்த்தம் உண்டு. 'மீன்பாடு எப்படி?' என்று கேட்பார்கள் இல்லையா... அந்தப் பாடு. கஷ்டப்படுகிற பாடும் அதே பாடுதான் என்பது தமிழின் குசும்பு.

இது ஏதோ வாய்மொழிக் கதை இல்லை. செபாஸ்டியன் மேத்யூ செய்த ஆய்வை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1991-ல் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. 2008-ல் இங்கிலாந்து ஆய்வாளர் சாரா கூல்தார்டும் இதே ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறார். கேரளாவில் வைப்பின் தீவுப் பக்கம் இதே 'பாடு' பெயரிலேயே ஒரு முறை இருக்கிறது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் மீனவர் சங்கங்கள் குலுக்கல் போட்டு வலை இடங்களைப் பிரித்துக்கொள்கின்றன. கடற்கரைக்குக் கடற்கரை ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க பாருங்க.

சரி, இப்போ கம்ப்யூட்டர் பாஷையில் இதை ஒருதரம் சொல்லிப் பாருங்க. பட்டியலில் பெயர் இருக்கா என்று பார்ப்பது ஆதென்டிகேஷன். எந்த இடம், எந்த வலை என்பது ஸ்கோப். உன் முறை வரும்போதுதான் இறங்கணும் என்பது ரேட் லிமிட். நெட்வொர்க் செக்யூரிட்டி பேப்பரில் அரியர் வைத்திருக்கிறவருக்குக்கூட இப்போ புரிஞ்சிருக்கும்!

பாடு ரொம்ப அழகான ஏற்பாடு, அப்படியே ஃப்ரேம் போட்டு மாட்டிடலாம் என்று மட்டும் நினைச்சுடாதீங்க. பட்டியல் என்று ஒன்று இருந்தால் பட்டியலுக்கு வெளியே என்று ஒரு கூட்டமும் இருக்கும். அதே ஏரியை நம்பித்தான் மற்ற குப்பங்களும், இருளர் குடும்பங்களும் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற பறியை வாயில் கவ்விக்கொண்டே நகர்வார்கள். அவர்களுக்குக் குலுக்கலில் சீட்டு கிடையாது. சாதியை வைத்து எழுதப்பட்ட பட்டியல் அது. உள்ளே இருப்பவர்களுக்கும் சிக்கல் உண்டு. ஊரில் தலைக்கட்டு கூடக் கூட, ஒருத்தருக்கு முறை வருகிற நாள் குறைந்துகொண்டே போகும், ஏரி அதே ஏரிதான். யாருக்கு உரிமை என்பதை எந்தச் சிஸ்டமும் தானா முடிவு செய்யாது. பட்டியல் எழுதுகிற கைதான் முடிவு செய்யும். உங்க சர்வரிலும் அப்படித்தான்.

முகம் தெரியாத ஊர்

பாடுக்கும் கீக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. குப்பத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இன்னொருத்தர் முறையில் நான் போய் வலை கட்டினால், கரையில் நிற்கிறவர் படகைப் பார்த்தே பிடித்துவிடுவார். சர்வருக்கு யார் முகமும் தெரியாது. கீயை எவன் நீட்டுகிறானோ அவன்தான் நீங்க. சினிமா டிக்கெட் மாதிரி. கீழே கிடந்ததை எடுத்துக்கொண்டு போனாலும் உள்ளே விடுவார்கள்.

இந்த ஒரு காரணத்தால் மாட்டிக்கிட்டவங்க லிஸ்ட் பெரிசு. 2016-ல் உபெர். எஞ்சினீயர்கள் கிட்ஹப்பில் வைத்திருந்த கோடுக்குள்ளே அமேசான் கிளவுடுக்கான கீ இருந்தது. அது பப்ளிக் பக்கம்கூட இல்லை, பிரைவேட்தான். உள்ளே நுழைந்தவர்கள் அந்தக் கீயை எடுத்து, 5 கோடியே 70 லட்சம் பயணிகள், டிரைவர்களின் தகவலை அள்ளிவிட்டார்கள். கம்பெனி அவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை அமுக்கப் பார்த்தது. 2017 நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. அப்போது பாதுகாப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஜோ சல்லிவனை 2022 அக்டோபரில் கோர்ட் குற்றவாளி என்று சொன்னது. ஒரு கீயில் ஆரம்பிச்சது கோர்ட்டில் போய் நின்றது.

டொயோட்டா கதை இன்னும் சுவாரஸ்யம். காரை இன்டர்நெட்டில் இணைக்கிற அவர்களுடைய சர்வீஸின் கோடில் ஒரு பகுதி, 2017 டிசம்பரில் கிட்ஹப்பின் பப்ளிக் பக்கத்தில் ஏறியது. ஏற்றியது வேலையை எடுத்துச் செய்த வெளி நிறுவனம். உள்ளே டேட்டா சர்வருக்கான கீ. 2022 செப்டம்பரில்தான் கவனித்தார்கள். கிட்டத்தட்ட 5 வருஷம்! 2,96,019 வாடிக்கையாளர்களின் இ-மெயில் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று அறிவித்து மன்னிப்பு கேட்டது டொயோட்டா.

பெரிய ஆளுங்க கதை இது. நம்ம லெவலுக்கு வருவோம். அமெரிக்காவின் நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆட்கள் 2019-ல் கிட்ஹப்பை அலசியபோது, 1 லட்சத்துக்கும் அதிகமான ரெபாசிட்டரிகளில் கீக்கள் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தன. அதில் எத்தனை செமஸ்டர் பிராஜெக்டோ! நீங்க நினைக்கலாம், 'மறுநாளே கண்டுபிடிச்சு டெலிட் பண்ணிட்டேனே' என்று. அங்கேதான் கிட் சிரிக்கும். டெலிட் செய்ததும் பதிவாகும், டெலிட் செய்வதற்கு முன்னால் இருந்ததும் பழைய கமிட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெளியே போன கீக்கு ஒரே வைத்தியம்தான்: கொடுத்த இடத்துக்குப் போய் ரத்து பண்ணிட்டுப் புதுசு வாங்குங்க. 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ரெபாசிட்டரியில் கீயோடு புஷ் பண்ணினால் கிட்ஹப்பே தடுத்து நிறுத்துகிறது. அதையும் 'பரவாயில்லை, போ' என்று தட்டிவிட்டுப் போகிறவர்களை என்ன செய்ய?

ஆயிரம் போன், ஒரு கீ

இப்போ அந்த மீனவர் ஆப்புக்கு வருவோம். காற்று விவரத்துக்கு ஓபன்வெதர் சர்வீஸின் இலவசக் கீயை வாங்கி, ஆப்புக்குள்ளேயே வைத்துப் பூட்டியாச்சு என்று வையுங்க. ரெண்டு பிரச்னை. ஒன்று, ஆண்ட்ராய்டு ஆப் என்பது ஒரு ஜிப் ஃபைல் மாதிரிதான். பிரிக்கத் தெரிந்தவன் பிரிச்சான்னா கீ கையில். 'குறியீடா மாத்தி ஒளிச்சு வெச்சிருக்கேன்' என்பதெல்லாம் வாசல் மிதியடிக்கு அடியில் சாவி வைக்கிற சமாச்சாரம்.

இரண்டாவது, கணக்கு. ஒரு போன் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்டால் ஒரு நாளைக்கு 144 தடவை. 1,000 போன் என்றால் 1,44,000. மாசத்துக்கு 43 லட்சத்துக்கு மேல். இலவசத் திட்டத்தில் நிமிஷத்துக்கு 60, மாசத்துக்கு 10 லட்சம்தான் எல்லை. ஆயிரம் போன் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை என்றாலே நிமிஷத்துக்கு 100 ஆச்சு. முதல் நாளே '429' என்று பதில் வரும். 'உன் முறை முடிஞ்சுது, அப்புறம் வா' என்று அர்த்தம். பாடு ஞாபகம் வருதா?

வழி ரொம்ப சிம்பிள். நடுவில் உங்க சர்வர் ஒன்றை வையுங்க. கீ அங்கே மட்டும் இருக்கட்டும், அதுவும் கோடுக்குள்ளே இல்லாமல் என்விரான்மென்ட் வேரியபிளில். அந்த சர்வர் மட்டும் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை காற்றைக் கேட்டு வைத்துக்கொள்ளும். ஆயிரம் போனும் உங்க சர்வரைக் கேட்கும். மாசத்துக்கு 43 லட்சம், வெறும் 4,320 ஆகிவிடும்.

அரசாங்க டேட்டாவுக்கும் கதவு உண்டு. 2012-ல் ஆரம்பித்த மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் பதிவு செய்தால் ஆளுக்கொரு கீ. பதிவு செய்யாமல் சாம்பிள் கீயிலும் பார்க்கலாம், ஆனால் ஒரு தடவைக்கு 10 ரெக்கார்டுதான் வரும். கல்யாண வீட்டில் ருசி பார்க்கக் கொடுக்கிற மாதிரி. இஸ்ரோவின் 'புவன்' மேப் தளத்தில் டோக்கன் வாங்கினால் ஒரு நாளைக்குத்தான் செல்லும். நாளைக்கு வேணும்னா நாளைக்கு வாங்கணும். வானிலை ஆய்வுத் துறை வேற ரூட்: உங்க சர்வரின் ஐ.பி. முகவரியைச் சொல்லி அனுமதி வாங்கணும், வேற முகவரியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது.

ஹைதராபாத்தில் இருக்கிற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், மீன் கிடைக்கக்கூடிய இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. அந்தக் கணிப்புக்குக் கடலின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிற ஓஷன்சாட் செயற்கைக்கோள்கள் கிளம்பியது எங்கே? 2009 செப்டம்பரிலும் 2022 நவம்பரிலும், இதே ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து. ராக்கெட் விடுகிற அன்றைக்கு அந்தப் பக்கக் கடலுக்குப் போகக்கூடாது என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வேற. மீன் எங்கே என்று சொல்லப்போகிற சாட்டிலைட் ஏறுகிற அன்னிக்கு மீன் பிடிக்கப் போக முடியாது!

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

இதுவரைக்கும் கீ வாங்குகிறவராக இருந்தீங்க. இப்போ நாற்காலியைத் திருப்பிப் போடுவோம். உங்க டீம் ஏரியில் நாலு இடத்தில் சென்சார் நட்டு, நீர்மட்டமும் உப்புத்தன்மையும் சேகரிக்கிறது என்று வையுங்க. அதைப் பக்கத்துக் காலேஜ் டீம் கேட்கிறது, ஒரு தொண்டு நிறுவனம் கேட்கிறது, மீனவர் சங்கம் கேட்கிறது. கீ கொடுக்கிற கவுண்டரில் இப்போ நீங்க.

கீயை எப்படித் தயாரிப்பது? பெயரையும் தேதியையும் கலந்து கட்டி அடிப்பது வேலைக்கு ஆகாது. யூகிக்க முடியாத ரேண்டம் எண் வேணும். சாதாரண ரேண்டம் ஃபங்ஷன் போதாது, ரகசியக் குறியீட்டு வேலைகளுக்கென்றே ஒவ்வொரு மொழியிலும் தனியா ஒன்று இருக்கும். அதில் 32 பைட் எடுங்க. முன்னால் உங்க சர்வீஸின் பெயர்ச்சுருக்கத்தை ஒட்டுங்க. இது ஸ்டைலுக்கு இல்லை. எங்கேயாவது கீ கசிந்து கிடந்தால் 'இது இன்னார் வீட்டுச் சாவி' என்று தேடுகிற ரோபோவுக்கு அடையாளம் தெரியும். 2021-லிருந்து கிட்ஹப் தன்னுடைய டோக்கன்களுக்கு இப்படித்தான் முன்னொட்டு வைக்கிறது.

தயாரித்த கீயை ஒரே ஒரு தடவைதான் காட்டணும். 'மறுபடி காட்டு' பட்டனே வைக்காதீங்க. ஏன் இந்தக் கஞ்சத்தனம்? உங்களிடமே அது இருக்கக்கூடாது, அதனால்தான். டேட்டாபேஸில் கீயின் ஹாஷை மட்டும் வையுங்க. கீ வந்தால் அதை ஹாஷ் பண்ணி ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஹாஷிலிருந்து கீயைத் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு உங்க டேட்டாபேஸையே எவனாவது தூக்கிக்கொண்டு போனாலும் அவனுக்கு ஒரு கீயும் கிடைக்காது. பாஸ்வேர்டுக்கு வேணும்னே மெதுவாக ஓடுகிற ஹாஷ் முறை வைப்பார்கள், காரணம் மனுஷன் வைக்கிற பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் பார்க்க முடியும். 32 பைட் ரேண்டம் எண்ணை அப்படி ஊகிக்க ஆயுசு பத்தாது, அதனால் எஸ்.ஹெச்.ஏ.-256 மாதிரி வேகமான ஹாஷே போதும்.

ஒவ்வொரு கீக்குப் பக்கத்திலும் ஒரு பெயர், கொடுத்த தேதி, காலாவதி தேதி, கடைசியா எப்போ உபயோகப்படுத்தினாங்க என்கிற விவரம். இந்தக் கடைசிக் கட்டத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. பழைய கீயைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது, 'எட்டு மாசமா யாரும் தொடலை' என்று அதுதான் சொல்லும்.

அடுத்தது ஸ்கோப். சென்சார் கையில் இருக்கிற கீ, எழுத மட்டும். ஆப் கையில் இருக்கிற கீ, படிக்க மட்டும். சோம்பேறித்தனத்தில் ரெண்டுக்கும் ஒரே கீ கொடுத்தால் என்ன ஆகும்? ஆப்பைப் பிரித்துக் கீயை எடுத்தவன் உங்க சர்வரில் எழுதவும் முடியும். நாலு போலி எண்ணை அனுப்பி, வத்திக் கிடக்கிற முகத்துவாரத்தில் நல்லா தண்ணி இருக்கு என்று காட்டலாம். மணல் திட்டு ஏறி, அலை உடைகிற இடம் அது. அந்த எண்ணை நம்பிப் படகை விடுகிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

மூணு ரூட், ஒரு ஓட்டை

இப்போ கீ மேனேஜ்மென்ட்டையே ஒரு வெப் சர்வீஸாகத் திறந்து விடலாம். யூசர் தானே வந்து புதுக் கீ உருவாக்கலாம், தன் கீக்களைப் பட்டியலிடலாம், வேண்டாததை ரத்து செய்யலாம். மூணே ரூட். ஒரு மதியத்தில் எழுதிடலாம் என்பீர்கள். எழுதிடலாம்தான், ஆனால் ஓட்டையும் அந்த மதியத்திலேயே விழும்.

பட்டியல் கேட்கும்போது கீயை அனுப்பாமல் அதன் பெயரையும் முதல் சில எழுத்துகளையும் மட்டும் அனுப்பணும். இதைப் பலரும் சரியாகச் செய்துவிடுவார்கள். ரத்து செய்யும் ரூட்டில்தான் சறுக்கல். கீ நம்பர் 41 உங்களுடையது. யு.ஆர்.எல்.-ல் 41-ஐ 42 என்று மாத்தித் தட்டினால் பக்கத்துக் காலேஜ் டீமின் கீ ரத்தாகிறதா? ஆச்சுன்னா, லாகின் பண்ணியிருக்காரா என்று பார்த்த நீங்க, அந்தக் கீ இவருடையதுதானா என்று பார்க்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா? அந்த இடம் உங்க இடமா என்றும் பார்க்கணும் இல்லையா?

இன்னொரு ஓட்டை கொஞ்சம் நுணுக்கமானது. புதுக் கீ உருவாக்குகிற ரூட்டுக்குள் நுழைய எதைக் கேட்பீர்கள்? 'ஏற்கனவே இருக்கிற கீயைக் காட்டினால் போதும்' என்று வைத்தீர்கள் என்றால் கதை கந்தல். கீயைத் திருடினவன் முதல் வேலையா இன்னொரு கீ உருவாக்கிப் பையில் போட்டுக்கொள்வான். நீங்க திருட்டுப்போன கீயை ரத்து செய்து நிம்மதியாகத் தூங்குவீர்கள். அவன் இரண்டாவது கீயோடு ஜாலியா உள்ளே இருப்பான். அதனால் கீ உருவாக்குகிற உரிமையைச் சாதாரணக் கீக்குக் கொடுக்கவே கூடாது. அதற்கு ஆள் நேரில் லாகின் பண்ணி வரணும், முடிந்தால் ஓ.டி.பி.யோடு.

ரத்து பண்ணினதும் உடனே செத்துப்போகுதா என்பதையும் சோதிச்சுப் பாருங்க. வேகத்துக்காக 'இந்தக் கீ ஓகே' என்பதைச் சர்வர் ஒரு மணி நேரம் கேஷில் வைத்திருந்தால், ரத்து செய்த பிறகும் ஒரு மணி நேரம் அந்தக் கீ உயிரோடு நடமாடும். பேய்ப்பட சமாச்சாரம்.

கீயை மாற்றுவதற்கும் ஒரு நாசூக்கு உண்டு. பழையதைக் கொன்றுவிட்டுப் புதுசு கொடுத்தால் நடுவில் எல்லா ஆப்பும் நின்றுபோகும். அமேசான் கிளவுடில் ஒரு யூசருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கீ வரை அனுமதி. ஏன் இரண்டு? புதுசை உருவாக்கு, எல்லா இடத்திலும் மாத்து, பழசை யாரும் தொடவில்லை என்று பார்த்து உறுதி செய், அப்புறம் பழசை மூடு. புது வலையைக் கட்டி முடிச்சுட்டுப் பழைய வலையை அவிழ்க்கிற மாதிரி.

கீ யார் பேரில்?

காலேஜ் பிராஜெக்ட்களில் கோடு எழுதத் தெரியாமல் செத்ததைவிட, கீ அனாதையாகிச் செத்ததுதான் அதிகம் இருக்கும் என்பது என் கட்சி. கீ, டீம் லீடரின் ஜிமெயிலில் இருக்கும். லீடருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும். ஒருநாள் 'உங்க கார்டு காலாவதி, பில்லிங் நிறுத்தப்படும்' என்று மெயில் வரும். அது புரமோஷன்ஸ் டேபில் போய் விழும். அவ்வளவுதான்.

விதிகளும் மாறும். 2018-ல் கூகுள் மேப்ஸ் கீ இல்லாமல் பயன்படுத்தவே முடியாது, பில்லிங் அக்கவுன்ட்டும் வேணும் என்று சொன்னபோது, கவனிக்க ஆள் இல்லாத தளங்களில் மேப் இருண்டுபோய், குறுக்கே 'ஃபார் டெவலப்மென்ட் பர்ப்பசஸ் ஒன்லி' என்று எழுத்து விழுந்தது. ஓட்டல் வழி காட்டுகிற மேப் இருண்டால் யாரும் முழுகிப் போய்விட மாட்டார்கள். விடியற்காலை 4 மணிக்குக் கடலுக்குக் கிளம்புகிற அண்ணனின் போன் வேற கதை. கீ செத்துப்போனால் சர்வரிடமிருந்து '401' வரும். உங்க ஆப் அதைக் கண்டுக்காமல் கடைசியா வந்த காற்று வேகத்தையே காட்டிக்கொண்டு இருந்தால்? மூணு நாளைக்கு முந்தின காற்று அது. திரையில் பார்க்கிறவருக்கு அது இன்றைய காற்று. வாடையா கொண்டலா என்று முகத்தில் பட்டாலே சொல்கிறவர்தான் அவர், ஆனாலும் 'ஆப்ல கம்மியா காட்டுதே' என்று ஒரு நிமிஷம் யோசிப்பார் இல்லையா? அந்த ஒரு நிமிஷத்துக்கு நீங்கதான் பொறுப்பு. எண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை மணிக்கு வந்தது என்று போடுங்க. ஆறு மணி நேரத்துக்கு மேல் பழசு என்றால் எண்ணைக் காட்டவே காட்டாதீங்க. 'தகவல் வரவில்லை' என்று பெரிய எழுத்தில் தமிழில் போடுங்க.

இந்த இடத்தில் பாடு முறையிடம் காப்பி அடிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அங்கே நடத்துகிறது ஊர். இந்த வருஷத் தலைவர் மாறினாலும், குலுக்கல் போட்டவர் வெளியூர் போனாலும் பட்டியல் ஊரிடம் இருக்கிறது, அடுத்த குலுக்கல் நடக்கும். அதே மாதிரி கீயை ஒரு ஆளின் ஜிமெயிலில் வாங்காமல், துறையின் பொது மெயிலிலோ, ஆப்பை உபயோகப்படுத்தப்போகிற சங்கத்தின் மெயிலிலோ வாங்குங்க. அட்மின் உரிமை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருத்தர் படிப்பு முடிச்சுப் போகாத ஆளா இருக்கட்டும். லேப் அசிஸ்டன்ட் அண்ணனைக் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் சரி என்பார்.

வைவா முடிந்து, எக்ஸ்டர்னல் கையெழுத்து வாங்கின பிறகு ட்ரீட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க. மொத்தம் எத்தனை கீ, ஒவ்வொன்றும் எந்த சர்வீஸுக்கு, யார் மெயிலில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி, மாசம் எவ்வளவு இலவசம், அதைத் தாண்டினால் யார் கார்டில் காசு போகும், ரத்து செய்கிற பக்கம் எங்கே. கீயை மட்டும் அந்தப் பேப்பரில் எழுதிடாதீங்க. அது பிராஜெக்ட் ரிப்போர்ட்டோடு பைண்டிங் ஆகி லைப்ரரிக்குப் போகும்.